கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது?

(இயக்கத் தோழர்களுக்கான ஒரு நாள் இணையதளப் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



'கட்டற்ற மென்பொருளைக் கொண்டு இணையதளம் அமைப்பது எப்படி' என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் கணினி முன்னால் உட்கார்ந்து செய்தே பார்க்கப் போகிறோம். அதனால் எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்று இப்போது சொல்லி உங்களைத் தூங்க வைக்க மாட்டேன். அதைக் கற்றுக்கொள்ள இரண்டு நாள் போதும். எனக்குப் பத்து வருடம் பிடித்த பாடம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் கணினிப் படிப்பு படித்தவள் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு ஒரு டிடிபி சென்டரில் தட்டச்சு வேலைக்குப் போனேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் அடித்திருக்கிறேன். எந்தச் சாதிக்கு எந்த அடைமொழி போட வேண்டும் என்று முதலாளி ஒரு பட்டியலே வைத்திருந்தார். அந்த வேலையில் இருக்கும்போதுதான் எங்கள் ஊர்ப் படிப்பகத்துத் தோழர்களோடு பழக்கம் ஏற்பட்டது. அவர்களுடைய துண்டறிக்கைகளைக் கடை மூடிய பிறகு அடித்துக் கொடுப்பேன்.

2007-ல் படிப்பகத்துக்கு ஒரு இணையதளம் தொடங்கினோம். 'தொடங்கினோம்' என்கிறேனே தவிர, தொடங்கியது ஒரே ஒரு அண்ணன்தான். பொறியியல் படித்தவர், நல்லவர். தன் கைக்காசைப் போட்டுப் பெயர் பதிவு செய்து, இடம் வாங்கி, எல்லாவற்றையும் அவரே செய்தார். நாங்கள் எழுதிக் கொடுப்போம், அவர் ஏற்றுவார். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

2011-ல் பக்கத்து ஒன்றியத்தில் ஒரு காலனிக்குள் புகுந்து வீடுகளை உடைத்தார்கள். எங்களில் ஐந்து பேர் உண்மை அறியும் குழுவாகப் போனோம். இரண்டு நாள் வீடு வீடாக உட்கார்ந்து எழுதினோம். உடைந்த ஓடு, எரிந்த சைக்கிள், கொட்டிக் கிடந்த அரிசி என்று ஒன்று விடாமல் படம் எடுத்தோம். இருபத்து மூன்று பக்க அறிக்கை. அது தளத்தில் வந்த அன்று எங்களுக்கெல்லாம் அவ்வளவு பெருமை. பெரிய பத்திரிகைகளில் நான்கு வரி கூட வராத செய்தி, எங்கள் தளத்தில் முழுதாக இருந்தது.

ஆறு வருடம் கழித்து வழக்கு சாட்சி விசாரணைக்கு வந்தது. வழக்கறிஞர் தோழர் தொலைபேசியில் கூப்பிட்டு, "அந்த அறிக்கையும் படங்களும் வேணும், மூலக்கோப்பாவே கொடுங்க" என்றார். தளத்தைத் திறந்தேன். எங்கள் படிப்பகத்தின் பெயரில், எங்கள் முகவரியில், ஒரு சூதாட்ட விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். அந்த அண்ணன் வேலைக்காக வெளிநாடு போய்விட்டார். தளத்தின் பெயர் அவருடைய சொந்தப் பெயரில் பதிவாகியிருந்தது. புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் அவர் பயன்படுத்துவதை நிறுத்திவிட்ட மின்னஞ்சலுக்குப் போயிருக்கின்றன. கெடு முடிந்தது, பெயரை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். இடத்துக்கான கட்டணமும் கட்டவில்லை, கோப்புகளை அழித்துவிட்டார்கள். நகல் யாரிடமும் இல்லை. படம் எடுத்த கேமராவின் அட்டையை அழித்து அழித்துப் பத்துத் தடவை பயன்படுத்தியிருந்தோம்.

இணைய ஆவணக் காப்பகம் என்று ஒன்று இருக்கிறது. 1996-லிருந்து உலகத்தின் இணையப் பக்கங்களைச் சேமித்து வருகிறார்கள். அதில் தேடினோம். அறிக்கையின் சில பக்கங்கள் கிடைத்தன. ஆனால் திறந்தால் தமிழ் இல்லை. 'jkpo;' என்பது போல ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருந்தது. பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஏற்றியிருந்தோம். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில்தான் அது தமிழாகத் தெரியும். டிடிபி வேலை பார்த்தவள் என்பதால் எனக்கு அது என்னவென்று புரிந்தது. உட்கார்ந்து மாற்றி எடுத்தேன். ஒன்பது பக்கம் தேறியது. படங்களில் ஒன்று கூடக் கிடைக்கவில்லை.

அதைச் சொல்ல அந்தக் காலனிக்குப் போனோம். எங்களுக்கு இரண்டு நாளும் சோறு போட்ட அம்மா கேட்டார்: "ஏம்மா, அன்னைக்கு அத்தனையும் எழுதிக்கிட்டுப் போனீங்களே, அது எங்கதான்மா இருக்கு?"

என்னிடம் பதில் இல்லை. இன்று நான் பேசுவதெல்லாம் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

தோழர்களே, நம்முடைய முன்னோடிகளுக்கு இந்த விசயம் நன்றாகவே தெரிந்திருந்தது. இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசர் 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். பெரியார் 1925-ல் 'குடி அரசு'. அம்பேத்கர் 1920 ஜனவரி 31 அன்று 'மூக்நாயக்' கொண்டுவந்தபோது, அதற்கு ஒரு விளம்பரம் போடுங்கள் என்று காசு கொடுத்தும் 'கேசரி' பத்திரிகை போட மறுத்துவிட்டது. அடுத்தவன் பத்திரிகையில் இடம் கேட்டு நின்றால் இதுதான் கதி என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். அதனால்தான் கையில் காசில்லாத நிலையிலும் சொந்தமாக இதழ் நடத்தினார்கள், அச்சகம் வைத்தார்கள். பெரியார் 1935-ல் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தன் இதழிலேயே நடைமுறைப்படுத்திக் காட்டினார். அரசு அதை ஏற்றுக்கொண்டது 1978-ல்தான். ஏடு தன் கையில் இருந்ததால் நாற்பது வருடம் முன்னதாகவே அவரால் செய்ய முடிந்தது.

இன்று நாம் என்ன செய்கிறோம்? முகநூலில் எழுதுகிறோம். யூட்யூபில் பேசுகிறோம். பரப்புவதற்கு அவை வேண்டும்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் நம் ஆவணத்தை அங்கே மட்டும் வைத்திருப்பது, அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் பெட்டியை வைத்துவிட்டு வருவது போலத்தான். யாரோ பத்துப் பேர் சேர்ந்து புகார் கொடுத்தால் பக்கம் முடங்கும். நிறுவனமே கடையை மூடலாம். ஒரு காலத்தில் உலகம் முழுக்க மக்கள் சொந்தப் பக்கம் வைத்திருந்த ஜியோசிட்டீஸை யாகூ நிறுவனம் 2009-ல் மூடியது. அதிலிருந்தவற்றில் ஒரு பகுதியைத் தன்னார்வலர்கள் ஓடி ஓடி நகல் எடுத்ததால்தான் காப்பாற்ற முடிந்தது.

சரி, சொந்தத் தளம் வேண்டும். அதற்குப் பணம்? இங்கேதான் கட்டற்ற மென்பொருள் வருகிறது.

'இலவசம்' என்று நான் சொல்லவில்லை, கவனியுங்கள். இலவசமாகக் கிடைக்கும் பல பொருளுக்கு நாம்தான் விலை. கட்டற்ற என்பது வேறு. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் குனூ திட்டத்தை அறிவித்தார். அந்த இயக்கம் நான்கு உரிமைகளைச் சொல்கிறது. ஒரு மென்பொருளை எந்த வேலைக்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். அது எப்படி வேலை செய்கிறது என்று திறந்து படித்து, தேவைக்கு ஏற்ப மாற்றலாம். நகலெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம். மாற்றியதையும் ஊருக்குக் கொடுக்கலாம். இதற்கான பொது உரிமம் 1989-ல் வந்தது. அதில் ஒரு நிபந்தனை உண்டு: மாற்றியதை வெளியே கொடுப்பதாக இருந்தால் இதே உரிமைகளோடுதான் கொடுக்க வேண்டும். வாங்கியவன் அடுத்தவனுக்குக் கதவை அடைக்கக் கூடாது.

இரண்டாவது உரிமையைப் பாருங்கள்: திறந்து படிக்கலாம். படிக்கக் கூடாது, காதால் கேட்கவும் கூடாது என்று ஒரு சமூகமே சட்டம் போட்டு வைத்திருந்த நாட்டில், 'யார் வேண்டுமானாலும் படிக்கலாம்' என்ற சொல்லின் எடை நமக்குத்தான் தெரியும்.

இணையமே இந்த அடித்தளத்தில்தான் நிற்கிறது. டிம் பெர்னர்ஸ் லீ உருவாக்கிய வலையின் மென்பொருளை, 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் ஆய்வகம் எந்த உரிமைத்தொகையும் கேட்காமல் பொதுச் சொத்தாக விட்டது. இன்று நாம் மதியம் நிறுவப் போகும் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே லினக்ஸ். அதன் மேல் அப்பாச்சி. தரவுகளை வைக்க மைசீக்குவல் அல்லது மரியாடிபி. எழுதியிருக்கும் மொழி பிஎச்பி. மேலே வேர்ட்பிரஸ். தளத்துக்குப் பூட்டுப் போடும் சான்றிதழை 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்ற அமைப்பு காசு வாங்காமல் தருகிறது. மென்பொருளுக்கு ஒரு பைசா கிடையாது. பெயருக்கும் இடத்துக்கும் மட்டும்தான் ஆண்டுக் கட்டணம். உலகத்திலுள்ள இணையதளங்களில் பத்தில் நான்குக்கு மேல் வேர்ட்பிரஸில் ஓடுகின்றன.

அந்த வேர்ட்பிரஸ் பிறந்த கதை நம் கதைக்கு ரொம்ப நெருக்கம். அதற்கு முன்னால் 'பி2' என்று ஒரு மென்பொருள் இருந்தது. மிஷெல் வால்ட்ரிகி என்பவர் எழுதியது. ஒரு கட்டத்தில் அவர் அதைத் தொடரவில்லை. ஆனால் அது பொது உரிமத்தில் இருந்தது. அதனால் மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இருவர் அந்த நிரலை எடுத்து வளர்த்து, 2003 மே மாதம் வேர்ட்பிரஸ் என்று வெளியிட்டார்கள். எழுதியவர் விட்டுவிட்டுப் போனார், ஆனாலும் வேலை சாகவில்லை. எங்கள் அண்ணனும் விட்டுவிட்டுத்தான் போனார், எங்கள் தளம் செத்துப்போனது. வித்தியாசம் என்ன? அங்கே யாருக்கும் எடுக்க உரிமை இருந்தது, எடுக்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். இங்கே இரண்டும் இல்லை.

இத்தோடு முடிந்திருந்தால் கதை சுலபம். 2017-ல் நானே வேர்ட்பிரஸ் கற்றுக்கொண்டு புதிய தளம் அமைத்தேன். இரவு இரவாக உட்கார்ந்தேன். ஒருங்குறியில் தட்டச்சு, பழைய கட்டுரைகளை மாற்றுவது, வடிவமைப்பு, எல்லாம் நான்தான். தோழர்கள் மேடையில் பாராட்டினார்கள். எனக்கும் பிடித்திருந்தது. யாராவது "நானும் கத்துக்கட்டுமா?" என்றால், "அது கொஞ்சம் சிக்கல் தோழர், எதையாவது தட்டிட்டா கெட்டுப் போயிடும், நானே செஞ்சிடறேன்" என்பேன்.

அடுத்த வருடம் என் பிரசவம். இரண்டு மாதம் கணினிப் பக்கமே போகவில்லை. அந்தச் சமயம் பார்த்து ஓர் ஆணவக்கொலை. அறிக்கை தயார், ஆனால் தளத்தில் போட ஆள் இல்லை. கடவுச்சொல் என் தலைக்குள் இருந்தது. அதே இரண்டு மாதத்தில் ஒரு செருகுநிரலைப் புதுப்பிக்காமல் விட்டதால் யாரோ உள்ளே புகுந்து விளம்பர இணைப்புகளைச் செருகிவிட்டார்கள். கைக்குழந்தையோடு உட்கார்ந்து அதைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது, எங்கள் மாலை நேரப் பள்ளியில் படிக்கும் பெண் வந்து பக்கத்தில் நின்றாள். "அக்கா, எனக்கும் சொல்லிக் குடுத்திருந்தா நான் பாத்திருப்பேன்ல?" என்றாள்.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று 1970-ல் சட்டம் வந்ததை நாம் மேடை மேடையாகப் பேசுகிறோம். கருவறைக்குள் ஒருவன் மட்டும் போகலாம், மந்திரம் அவனுக்கு மட்டும் தெரியும், மற்றவன் தொட்டால் தீட்டு. இதுதானே நாம் எதிர்ப்பது? 'நீங்க தொட்டா கெட்டுப் போயிடும்' என்று நான் சொன்னதும் அதே சொல்தான். மென்பொருள் கட்டற்றதாக இருந்தது. நான் கட்டி வைத்திருந்தேன்.

அதன் பிறகு நாங்கள் சில பழக்கங்களை விதியாகவே வைத்துக்கொண்டோம். மதியம் இவற்றைத்தான் செய்யப் போகிறோம். குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பெயர். தளத்தின் பெயர் அமைப்பின் பொது மின்னஞ்சலில் பதிவாகட்டும், தனி ஆளின் மின்னஞ்சலில் வேண்டாம். அந்த மின்னஞ்சலைத் திறக்கக் கூடியவர்கள் மூன்று பேராவது இருக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். புதுப்பிக்கும் தேதியைப் படிப்பகச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

இரண்டாவது, கடவுச்சொல். ஒரே கடவுச்சொல்லை வாட்ஸ்அப்பில் பத்துப் பேருக்கு அனுப்பாதீர்கள். வேர்ட்பிரஸில் நிர்வாகி, பதிப்பாசிரியர், ஆசிரியர், பங்களிப்பாளர், சந்தாதாரர் என்று ஐந்து படி உண்டு. படிநிலை என்றவுடன் சிரிக்கிறீர்கள். இது பிறப்பால் வருவதில்லை, வேலையால் வருவது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆளை மாற்றலாம். ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சேமித்து வைக்க கீபாஸ்எக்ஸ்சி என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது.

மூன்றாவது, நகல். வேர்ட்பிரஸில் 'ஏற்றுமதி' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் எல்லாம் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். அதில் எழுத்துதான் வரும், படக்கோப்புகள் வராது. தரவுத்தளம் தனியாக, படங்கள் இருக்கும் கோப்புறை தனியாக, இரண்டையும் எடுக்க வேண்டும். மூன்று நகல், இரண்டு வேறு வேறு சாதனங்களில், அதில் ஒன்று வேறு ஊரில். எடுத்த நகலை வருடத்துக்கு ஒரு முறையாவது வேறு கணினியில் விரித்துப் பாருங்கள். விரித்துப் பார்க்காத நகலை நம்பக் கூடாது. முக்கியமான பக்கங்களை இணைய ஆவணக் காப்பகத்திலும் நீங்களே சேர்க்கலாம். அறிக்கைக்கு எடுத்த படங்களின் மூலக்கோப்பைத் தேதியோடு அப்படியே தனியாக வையுங்கள். நீதிமன்றத்துக்கு அதுதான் தேவை.

நான்காவது, தமிழ். ஒருங்குறியில் மட்டுமே ஏற்றுங்கள். பழைய இதழ்களை அச்சுத்தாளிலிருந்து எழுத்தாக்க டெசராக்ட் என்ற கட்டற்ற மென்பொருள் தமிழையும் படிக்கும். பிழை வரும், ஆள் உட்கார்ந்து திருத்த வேண்டும். மதுரைத் திட்டத் தோழர்கள் 1998-லிருந்து இலக்கியங்களை அப்படித்தான் தன்னார்வமாக ஏற்றி வருகிறார்கள். தமிழ் விக்கிப்பீடியா 2003-லிருந்து நடக்கிறது. கற்றுக்கொள்ள 2012-லிருந்து 'கணியம்' இதழ் தமிழிலேயே எழுதி வருகிறது. ஆங்கிலம் தெரியாது என்று தயங்க வேண்டாம்.

ஐந்தாவது, எல்லாவற்றையும் விட முக்கியமானது, பாதுகாப்பு. திறந்த மூலம் என்பது நிரலுக்குத்தான். நம்மை நம்பிப் பேசிய மக்களின் விவரங்களுக்கு அது பொருந்தாது. கைபேசியில் எடுக்கும் படத்துக்குள் எடுத்த இடமும் நேரமும் பதிந்திருக்கலாம். தளத்தில் ஏற்றும் நகலிலிருந்து அதை நீக்கிவிட்டு ஏற்றுங்கள். சாட்சி சொல்லப் போகிறவரின் முகம், வீட்டு எண், பிள்ளை படிக்கும் பள்ளி எதையும் போடாதீர்கள். பாலியல் வன்முறைக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படியும் குற்றம். இணையத்தில் சும்மா கிடைக்கிறதே என்று திருட்டு வார்ப்புருவையும் செருகுநிரலையும் போடாதீர்கள். அதற்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று தெரியாது. மென்பொருளைத் தவறாமல் புதுப்பியுங்கள்.

இதைக் கேட்டுவிட்டு, கட்டற்ற மென்பொருள் உலகம் சமத்துவபுரம் என்று நினைத்துவிட வேண்டாம். 2024 செப்டம்பரில், வேர்ட்பிரஸைத் தொடங்கிய அதே முல்லன்வெக்குக்கும் டபிள்யூபி எஞ்சின் என்ற நிறுவனத்துக்கும் தகராறு வந்தது. அந்த நிறுவனம் வேர்ட்பிரஸின் பொதுக் களஞ்சியத்தை அணுக முடியாமல் தடுக்கப்பட்டது. அதன் வாடிக்கையாளர்கள் புதுப்பிக்க முடியாமல் தவித்தார்கள். யார் பக்கம் நியாயம் என்பது வழக்கில் இருக்கட்டும். நிரல் எல்லோருக்கும் பொது, வாசல் சாவி மட்டும் ஓரிடத்தில் என்றால் இப்படித்தான் ஆகும். ஆனாலும் உரிமம் நம் பக்கம் இருப்பதால், பிடிக்கவில்லை என்றால் பிரித்துக்கொண்டு போக வழி உண்டு. 2018-ல் வேர்ட்பிரஸின் புதிய எழுதுகருவி பிடிக்காதவர்கள் 'கிளாசிக்பிரஸ்' என்று பிரிந்து போனார்கள்.

'இங்கே சாதி கிடையாது, நிரல் மட்டும்தான் பேசும், திறமைக்குத்தான் மதிப்பு' என்று அந்த உலகத்தில் சிலர் சொல்வார்கள். 'தகுதி, திறமை' என்ற பாட்டை நாம் இடஒதுக்கீட்டு விவாதத்தில் கேட்காததா? சம்பளம் இல்லாமல் இரவெல்லாம் நிரல் எழுதித் தர யாருக்கு நேரம் இருக்கிறது? யார் வீட்டில் தனி அறையும் மடிக்கணினியும் இருந்தது? யாருக்கு ஆங்கிலம் சோற்றோடு ஊட்டப்பட்டது? மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் இயற்றியது. அமெரிக்க நகரங்களில் அதுதான் முதலாவது. சாதி விசா வாங்கிக்கொண்டு கணினித்துறைக்குள்ளும் போயிருக்கிறது என்பதற்கு அதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

ஆகவே உரிமம் பாதி வேலையைத்தான் செய்யும். கதவு திறந்திருக்கிறது என்று அது சொல்லும். உள்ளே கூட்டிக்கொண்டு போக வேண்டியது நாம்தான்.

அன்று என் பக்கத்தில் வந்து நின்ற பெண்தான் இப்போது எங்கள் தளத்தின் நிர்வாகி. நான் பதிப்பாசிரியர், ஒரு படி கீழே. போன வருடம் அவள் இரண்டு பேருக்குக் கற்றுக்கொடுத்தாள். அதில் ஒருத்தி அந்தக் காலனிப் பிள்ளை. தேறிய ஒன்பது பக்கத்தையும் அவள் வாயால் அந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். அம்மா இடையில் நிறுத்தி, "இது பாதிதாம்மா. மீதிய நான் சொல்றேன், எழுதிக்க" என்றார். அவள் எழுதினாள். அன்று இரவே மூன்று நகல் எடுத்தோம்.

படங்கள் திரும்ப வரவில்லை. அந்த இழப்பை எந்த மென்பொருளும் ஈடு செய்யாது. வழக்கு இன்னும் நடக்கிறது.

மதியம் இரண்டு மணிக்குத் தொடங்குவோம். ஒரு கணினிக்கு இரண்டு பேர் உட்காருங்கள். ஏற்கெனவே தெரிந்தவர்கள் சுட்டியைத் தொடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். தெரியாதவர் கையில்தான் சுட்டி இருக்க வேண்டும். கெட்டுப் போனால் போகட்டும், நகல் இருக்கிறது.